ஐல் ராயல் ஓநாய்கள்: காட்டுயிர் மரபியலில் முதலில் ஆராய வேண்டியது எது?

காட்டுயிர்களின் இனத்தொகை மரபியலில் இன்று டி.என்.ஏ. தரவுக்குப் பஞ்சமில்லை. ஒரு விலங்கின் முழு மரபணுத்தொகுதியைப் படித்தெடுப்பது ஆய்வுக்கூடங்களில் அன்றாட வேலையாகிவிட்டது. பஞ்சம் வேறிடத்தில் இருக்கிறது. அந்த விலங்கு எத்தனை ஆண்டு வாழ்ந்தது, எதனோடு இணைசேர்ந்தது, எத்தனை குட்டி ஈன்றது, அவற்றில் எத்தனை முதல் குளிர்காலத்தைத் தாண்டின, இறந்தபோது அதன் எலும்புகள் எந்த நிலையில் இருந்தன என்ற விவரங்கள் பெரும்பாலான இனங்களுக்குக் கிடைப்பதில்லை. ஆய்வு முன்னுரிமைகளைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இன்னும் அதிக இனங்களில் இன்னும் அதிக மரபணுத்தொகுதிகளைப் படிக்க வேண்டும் என்பதே முதல் கோரிக்கையாக வருகிறது. ஒரே விலங்கின் மரபணுவையும் வாழ்க்கையையும் சேர்த்துப் பதிவுசெய்யும் நீண்டகால ஆய்வுக்கே முதலிடம் தர வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான சான்று ஐல் ராயல் தீவின் ஓநாய்களிடம் இருக்கிறது.

தீவும் அதன் இரு விலங்குகளும்

ஐல் ராயல், வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் மிச்சிகன் மாநிலத்துக்கு உட்பட்ட ஒரு தேசியப் பூங்கா. சுமார் 72 கி.மீ. நீளம், அகலமான இடத்தில் 14 கி.மீ. கொண்ட இத்தீவுக்கும் அருகிலுள்ள கரைக்கும் இடையே ஏறத்தாழ 24 கி.மீ. தண்ணீர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே மூஸ் மான்கள் குடியேறின. 1940களின் இறுதியில், உறைந்த ஏரியின் மீது நடந்து ஓநாய்கள் வந்து சேர்ந்தன. வேட்டைக்குத் தடை, வேறு பெரிய இரை விலங்கோ போட்டியாளரோ இல்லை, வெளியிலிருந்து வரவும் போகவும் ஏரி உறைய வேண்டும் என்ற நிலையில், இயற்கையே அமைத்துக் கொடுத்த ஆய்வுக்கூடமாக இத்தீவு ஆயிற்று. பர்டூ பல்கலைக்கழகத்தின் டர்வர்ட் ஆலன் 1958இல் தொடங்கிய ஆய்வை, பின்னர் ரோல்ஃப் பீட்டர்சனும் ஜான் வூசெட்டிச்சும் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து தொடர்ந்தார்கள். குளிர்காலத்தில் சிறு விமானத்தில் தாழப் பறந்து, பனியில் பதிந்த தடங்களைப் பின்பற்றி ஓநாய்களைத் தலை எண்ணுவது, கோடையில் காட்டுக்குள் நடந்து மூஸ் எலும்புகளையும் ஓநாய்களின் மல எச்சங்களையும் சேகரிப்பது என்பதே அதன் முறை. இரை விலங்குக்கும் கொன்றுண்ணிக்கும் இடையிலான உறவை அறியத் தொடங்கிய இந்த வேலையில் மரபியல் முதலில் இடம்பெறவே இல்லை. அந்த உறவுக்காகச் சேர்த்து வைத்தவைதான் பின்னாளில் மரபியலுக்கு உதவின.

1980இல் தீவில் 50 ஓநாய்கள் இருந்தன. 1982இல் அவை 14 ஆகக் குறைந்தன. நாய்களிடையே பரவும் பார்வோ வைரஸ் அந்த ஆண்டுகளில் தீவுக்குள் வந்திருந்தது. நோய் விலகிய பிறகும் எண்ணிக்கை பழைய நிலைக்கு மீளவில்லை. இரைக்குப் பஞ்சமில்லாத காலத்தில்கூட ஓநாய்கள் ஏன் பெருகவில்லை என்ற கேள்விதான் மரபியலை உள்ளே அழைத்தது. ராபர்ட் வெய்ன் குழுவினர் 1991இல் வெளியிட்ட ஆய்வில், தீவின் ஓநாய்கள் அனைத்தும் ஒரே வகை மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வைக் கொண்டிருந்ததும், நிலப்பகுதி ஓநாய்களோடு ஒப்பிட்டால் மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ பாதி போய்விட்டிருந்ததும் தெரியவந்தன. மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டுமே இறங்குவது என்பதால், தீவின் எல்லா ஓநாய்களும் ஒரே தாயின் வழித்தோன்றல்கள் என்று கொள்ளலாம்.

இங்கே செயலுறு தொகை (அடுத்த தலைமுறைக்கு மரபணுவைக் கடத்துவதில் உண்மையில் பங்குபெறும் தொகையின் அளவு) என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பாடத்தில் சூத்திரமாகப் படித்து மறந்துவிடும் இந்த அளவு, ஓநாய்களிடம் மிக எளிதாக விளங்கும். ஓநாய்க் கூட்டத்தில் பொதுவாக ஒரு தலைமை இணை மட்டுமே குட்டி ஈனுகிறது. தீவில் 24 ஓநாய்கள் 3 கூட்டங்களாக வாழ்ந்தால், அடுத்த தலைமுறைக்கு மரபணுவைக் கடத்துபவை 6 மட்டும். அவற்றுள்ளும் குட்டிகளைப் பிழைக்கவைப்பவை இன்னும் குறைவு. ஐல் ராயல் ஓநாய்களின் செயலுறு தொகை 4க்கும் சற்றுக் குறைவாகவே மதிப்பிடப்பட்டது. இந்த அளவில் உள்ள ஓர் இனத்தொகை, தலைமுறைக்கு ஏறத்தாழ 13 விழுக்காடு வேறுபாட்டை இழக்கும். ஓநாயின் தலைமுறை ஏறத்தாழ 4 ஆண்டு. கணக்குப்படி பார்த்தால் இவை 1990களிலேயே தள்ளாடியிருக்க வேண்டும். ஆனால் கூட்டங்கள் வேட்டையாடின, குட்டிகள் பிறந்தன. சிறு தொகையாக இருந்தும் உட்கலப்பால் (நெருங்கிய உறவுகளுக்குள் இணைசேர்வதால்) கெடாமல் வாழ முடியும் என்பதற்கு ஐல் ராயல் பல காலம் உதாரணமாகவே காட்டப்பட்டது.

1997இல் வந்த ஆண் ஓநாய்

1997இல் ஒரு ஆண் ஓநாய் பனிப்பாலத்தைக் கடந்து தீவுக்குள் நுழைந்தது. ஆய்வாளர்கள் அதற்கு எம்93 என்று எண்ணிட்டார்கள். வயதாக ஆக அதன் உடல் மயிர் வெளுத்துவிட்டதால் கிழட்டுச் சாம்பலன் என்ற பொருளில் ஒரு செல்லப்பெயரும் வைத்தார்கள். மற்ற ஓநாய்களைவிட உடல் பெரியது, எல்லையைக் காப்பதில் மூர்க்கமானது, அதன் கூட்டம் இன்னொரு கூட்டத்தையே நெருக்கி ஒழித்தது என்பனவெல்லாம் விமானத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்திருந்தன. அது வெளியூர் ஓநாய் என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. பல ஆண்டுகளாகச் சேர்த்த எச்சங்களிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, தீவின் பழைய ஓநாய்கள் எவற்றிலும் இல்லாத அல்லீல்கள் (ஒரு மரபணுவின் மாற்று வடிவங்கள்) ஒரு விலங்கில் இருப்பதைக் கண்ட பிறகே உண்மை வெளிவந்தது. அதுபற்றிய ஆய்வுக்கட்டுரை 2011இல் வெளியானபோது அந்த ஓநாய் இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன.

எம்93 மொத்தம் 34 குட்டிகளுக்குத் தந்தையாயிற்று. அது வந்த பிறகான சுமார் 2.5 தலைமுறைக்குள் தீவின் ஒவ்வொரு ஓநாயும் அதற்கு உறவாகிவிட்டது. தீவு ஓநாய்களின் மொத்த வம்சாவளியில் 56 விழுக்காடு அதனுடையதாயிற்று. தந்தைவழிப் பாதி முழுவதும் அதனுடையது. எஞ்சிய 6 விழுக்காடு அதன் உட்கலப்புக் குட்டிகளின் வழியே வந்தது. பயனுள்ள ஒரு மரபணு ஓர் இனத்தொகையில் பரவுவதை நாம் அறிவோம். ஒரு விலங்கின் முழு மரபணுத்தொகுதியே இப்படிப் பரவியதை நேரில் பதிவுசெய்த நேர்வுகள் மிக அரிது.

தொடக்கத்தில் உட்கலப்பின் அளவு குறைந்தது. பிறகு, முதல் துணை இறந்தபின் அது தன் மகளோடு இணைசேர்ந்தது. பேரக்குட்டிகள் தமக்குள் இணைசேர்ந்தன. உட்கலப்பு மீண்டும் ஏறியது. புதிய இரத்தத்தின் மிதமிஞ்சிய வெற்றியே அடுத்த சிக்கலுக்கு விதையாயிற்று. இதைக் கணக்கில் சேர்க்காமல், வெளியிலிருந்து விலங்கைக் கொண்டுவந்து வேறுபாட்டைக் கூட்டும் மரபணு மீட்புத் திட்டங்கள் இன்றும் எழுதப்படுகின்றன. எத்தனை விலங்குகளைக் கொண்டுவந்தோம் என்பது மட்டும் போதாது. அவற்றின் பங்கு எத்தனை தலைமுறையில் எவ்வளவாகப் பரவுகிறது என்பதும் தொடர்ந்து அளக்கப்பட வேண்டும்.

எம்93 வந்ததால் ஓநாய்களுக்கு நன்மை விளைந்ததா என்ற கேள்விக்கு எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் விடை தெளிவாக இல்லை. அதன் வருகைக்குச் சற்று முன் 1996இல் கடுங்குளிரிலும் உண்ணிகளின் தாக்குதலிலும் மூஸ் மான்கள் கொத்துக்கொத்தாக மடிந்திருந்தன. அடுத்த பத்தாண்டில் வெப்பம் மிகுந்த கோடைகள் அவற்றை மேலும் வாட்டின. இரை குறைந்த காலத்தில் மரபணு நன்மை எண்ணிக்கையாக மாற வழியில்லை. இரை எவ்வளவு இருந்தது, ஒரு கூட்டம் எத்தனை நாளுக்கு ஒரு மூஸைக் கொன்றது என்பன ஆண்டுதோறும் பதிவாகியிருந்ததால்தான், அந்த மோசமான ஆண்டுகளிலும் ஓநாய்கள் விழாமல் நின்றதில் எம்93க்குப் பங்கு இருந்திருக்கக்கூடும் என்ற வாதமாவது சாத்தியமாயிற்று. மரபணுத் தரவு மட்டும் கையில் இருந்திருந்தால், வேறுபாடு உயர்ந்தும் எண்ணிக்கை உயரவில்லை, ஆகவே மீட்பு பயனற்றது என்ற தவறான முடிவுக்கே வந்திருப்போம்.

எலும்புகள் சொன்னவை

இந்த வழக்கின் மிக வலுவான சான்று ஆய்வுக்கூடத்திலிருந்து வரவில்லை. எலும்புக் குவியலிலிருந்து வந்தது. இறந்து கிடந்த ஓநாய்களின் எலும்புகளைத் தீவு ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகச் சேமித்து வந்திருந்தார்கள். 1964 முதல் 2007 வரை கிடைத்த 36 ஓநாய்களின் முதுகெலும்புகளை ஆராய்ந்த ரைக்கோனன் குழுவினர் 2009இல் தம் முடிவை வெளியிட்டார்கள். 36இல் 21 விலங்குகளுக்கு, அதாவது 58 விழுக்காட்டுக்கு, பிறவியிலேயே ஏதேனும் ஒரு முள்ளெலும்புக் குறை இருந்தது. இடுப்புப் பகுதிக்கும் முதுகெலும்பின் அடியிலுள்ள திருவெலும்புக்கும் நடுவே உள்ள முள்ளெலும்பு இரண்டின் வடிவமும் கலந்து உருவாகும் குறிப்பிட்ட குறை 12 விலங்குகளில் இருந்தது. உட்கலப்பில்லாத ஓநாய்த் தொகைகளில் பார்த்த 99 விலங்குகளில் அது ஒன்றில் மட்டுமே இருந்தது. இதே குறை உள்ள வீட்டு நாய்களுக்கு நரம்பு நெருக்குண்டு வலியும் பின்னங்கால் தளர்ச்சியும் ஏற்படும் என்பதைக் கால்நடை மருத்துவர்கள் அறிவார்கள். தன்னைவிடப் பத்து மடங்கு எடையுள்ள மூஸை ஓடி மறித்துத் தொற்றிக்கொள்ள வேண்டிய விலங்குக்கு அது என்ன செய்யும் என்று விவரிக்க வேண்டியதில்லை.

உட்கலப்பு இத்தீவு ஓநாய்களைப் பாதிக்கவில்லை என்று நம்பப்பட்ட அதே ஆண்டுகளில் அந்த எலும்புகள் பெட்டிகளுக்குள் இருந்தன. வானிலிருந்து பார்த்தால் ஓநாய் ஓடியது, வேட்டையாடியது, குட்டி ஈன்றது. குறை தோலுக்கு உள்ளே இருந்தது. பாதிப்பு இல்லை என்று சொல்வதற்கும் பாதிப்பை யாரும் தேடவில்லை என்று சொல்வதற்கும் உள்ள தூரத்தை இத்துறை இன்னும் முழுமையாக உணர்ந்துகொண்டதாக எனக்குத் தோன்றவில்லை.

2 ஓநாய்கள் மட்டும்

2009இல் 24 ஆக இருந்த ஓநாய்கள் அதன்பின் வேகமாகக் குறைந்தன. தற்செயலும் தன் பங்கைச் செய்தது: தீவில் கைவிடப்பட்ட பழைய சுரங்கக் குழி ஒன்றில் விழுந்து 3 ஓநாய்கள் மூழ்கி இறந்தன, அவற்றின் உடல்கள் 2012இல் கண்டெடுக்கப்பட்டன. 2014 குளிர்காலத்தில் ஏரி நன்றாக உறைந்தது. வெளியிலிருந்து ஏதேனும் வரும் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக, தீவிலிருந்து ஒரு பெண் ஓநாய் வெளியேறி, மினசோட்டாக் கரையில் சுடப்பட்டு இறந்தது. அடுத்த ஆண்டு பனிப்பாலத்தில் 2 ஓநாய்கள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டன. அதே 2015இல் தீவில் மிஞ்சியிருந்தவை 3: ஓர் இணையும், இடுப்பு ஒடுங்கி வால் சிறுத்துக் காணப்பட்ட ஒரு குட்டியும். 2016இல் குட்டியைக் காணவில்லை. எஞ்சிய 2 ஓநாய்களும் தந்தையும் மகளும். அதோடு இரண்டும் ஒரே தாய்க்குப் பிறந்தவை என்பதால் அரை உடன்பிறப்புகளும்கூட. இவற்றின் உறவை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவது எச்சங்களிலிருந்து கட்டியெழுப்பிய வம்சாவளியால்தான்.

ஜாக்குலின் ராபின்சன் தலைமையிலான குழு 2019இல் இத்தீவு ஓநாய்களின் முழு மரபணுத்தொகுதிகளை நிலப்பகுதி ஓநாய்களுடனும், எத்தியோப்பிய, திபெத்திய, மெக்சிக ஓநாய்களுடனும் ஒப்பிட்டது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த இரு பிரதிகளும் ஒன்றாகவே இருக்கும் நீண்ட பகுதிகள் ஐல் ராயல் ஓநாய்களின் குரோமோசோம்களில் பரந்து கிடந்தன. அண்மைத் தலைமுறைகளில் நடந்த நெருங்கிய உறவுக் கலப்பின் தடம் அது. எத்தியோப்பிய ஓநாய்களிலும் வேறுபாடு மிகக் குறைவுதான். ஆனால் அங்கே அந்தப் பகுதிகள் குட்டையானவை, தொகை நெடுங்காலமாகச் சிறியதாக இருந்ததைக் காட்டுபவை. மொத்த வேறுபாடு என்ற ஒற்றை எண் இரண்டையும் ஒன்றாகக் காட்டும். பகுதிகளின் நீளம் இரண்டையும் பிரித்துக் காட்டும்.

ஒரே தீவில் மாறுபட்ட மூஸ்

இந்தத் தீவு ஓர் இலவச ஒப்பீட்டையும் தருகிறது. மூஸ் மான்களும் இங்கே சிறு கூட்டமாக வந்து தனிமைப்பட்டவைதான். நிலப்பகுதி மூஸைவிட இவற்றின் வேறுபாடு குறைவு, உட்கலப்பு அதிகம். ஆனாலும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அவை நிலைத்து நிற்கின்றன. இது ஏன் என்று ஆராய்ந்து 2023இல் வெளியான மரபணு ஆய்வு, வட அமெரிக்க மூஸின் முன்வரலாற்றைச் சுட்டிக்காட்டியது. அந்த இனத்தொகை கடந்த காலத்திலேயே பலமுறை குறுகி வந்திருக்கிறது. கடுமையாகத் தீங்கு செய்யும் ஒடுங்கு அல்லீல்களில் ஒரு பகுதி அப்போதே களையப்பட்டிருக்க வேண்டும். அதோடு தீவு மூஸின் எண்ணிக்கை ஓநாயின் எண்ணிக்கையைவிட எப்போதும் பல மடங்கு அதிகம்.

ஓநாயின் முன்வரலாறு இதற்கு நேர்மாறு. நிலப்பகுதியில் ஓநாய்கள் நெடுங்காலம் பெருந்தொகையாக வாழ்ந்தவை. பெருந்தொகையில், தீங்கு செய்யும் ஒடுங்கு அல்லீலுக்கு அருகில் நல்ல பிரதி ஒன்று எப்போதும் இருப்பதால் அதன் தீமை வெளிப்படாது. வெளிப்படாததை இயற்கைத் தேர்வு களையவும் முடியாது. அப்படி மறைந்து கிடந்த சுமையைச் சுமந்தபடியே சில ஓநாய்கள் தீவுக்கு வந்தன. உறவுக்கலப்பு அச்சுமையை வெளியே கொண்டுவந்தது. இந்த விளக்கம் சரியென்றால், எம்93உம் தன் பங்குக்கு அப்படிப்பட்ட சுமையைக் கொண்டுவந்திருக்கும். அதன் குட்டிகள் தமக்குள் கலந்தபோது அதுவும் வெளிப்பட்டிருக்கும்.

இங்கிருந்து ஒரு கடுமையான விவாதம் கிளைத்தது. ஒரு தரப்பு, தத்தளிக்கும் சிறு தொகைக்கு வெளியிலிருந்து விலங்கு கொண்டுவரும்போது மிகப்பெரிய தொகையிலிருந்து எடுக்கக் கூடாது, மறைசுமை குறைந்த நடுத்தரத் தொகையிலிருந்து எடுக்க வேண்டும் என்கிறது. மறுதரப்பு, கிடைத்துள்ள அனுபவம் பெருமளவும் வேறுபாட்டைக் கூட்டியதன் நன்மையையே காட்டுகிறது என்றும், தீயவை எனக் கணினி குறித்த அல்லீல்களின் எண்ணிக்கை உண்மையில் விளைந்த தீமையின் அளவாகிவிடாது என்றும், மாறும் சூழலுக்கு ஈடுகொடுக்க வேறுபாடே மூலதனம் என்றும் பதிலளிக்கிறது. இரண்டாம் தரப்பின் கையில் வலுவான நேர்வுகள் உண்டு. 1995இல் டெக்சாஸிலிருந்து 8 பெண் பூமாக்கள் ஃபுளோரிடாவுக்குக் கொண்டுவரப்பட்ட பின், வால் முறுக்கும் இதயக் குறையும் இறங்காத விதைப்பைகளும் மலிந்திருந்த அங்குள்ள தொகை சில ஆண்டுகளில் 3 மடங்கானது, வேறுபாடு இரட்டிப்பானது. ஸ்காண்டிநேவியாவில் 2 ஓநாய்களிலிருந்து தொடங்கித் தேங்கி நின்ற தொகை, 1991இல் வந்த ஒரே ஓர் ஆணால் பெருகத் தொடங்கியது. முதல் தரப்புக்கு வக்கீட்டா உண்டு: கலிஃபோர்னியா வளைகுடாவில் 10 அளவில் எஞ்சியுள்ள இந்தச் சிறு கடற்பன்றி நெடுங்காலமாகவே சிறுதொகையாக வாழ்ந்ததால் மறைசுமை குறைவு என்றும், மீன்வலைகளில் சிக்கிச் சாவது முற்றாக நின்றால் அது மீள வாய்ப்புண்டு என்றும் 2022இன் ஆய்வு காட்டியது.

இந்த விவாதத்தை இன்றைய தரவால் தீர்க்க முடியாது என்பது என் கருத்து. ஆய்வின் முன்னுரிமை தொடங்க வேண்டிய இடமும் இதுவே. கணினிக் கணிப்புகள் அனைத்தும் இரண்டு எண்களின் மேல் நிற்கின்றன. புதிதாகத் தோன்றும் சடுதிமாற்றங்களில் எத்தனை எவ்வளவு தீங்கானவை என்பது ஒன்று. அந்தத் தீங்கு, ஒரு பிரதி மட்டும் கெட்டிருக்கும்போது எவ்வளவு வெளிப்படும் என்பது மற்றொன்று. காட்டு ஓநாய்க்கோ மானுக்கோ இந்த எண்கள் நேரடியாக அளக்கப்பட்டவை அல்ல; பெரும்பாலும் மனிதர், எலி, பழ ஈ, ஈஸ்ட் ஆகியவற்றிலிருந்து கடன் வாங்கியவை. இரண்டாவது எண்ணைச் சற்று மாற்றினாலே, அழிந்துவிடும் என்று காட்டிய கணிப்பு பிழைக்கும் என்று காட்டத் தொடங்கும்.

எதற்கு முன்னுரிமை

அந்த எண்களை அளக்க வழி ஒன்றுதான்: தனித்தனியாக அடையாளம் தெரிந்த விலங்குகளைப் பிறப்பு முதல் இறப்பு வரை தொடர்வது, அவற்றின் மரபணுத்தொகுதியையும் படிப்பது. ஸ்காண்டிநேவிய ஓநாய்களில் உட்கலப்புக் குணகம் (பெற்றோரின் உறவு நெருக்கத்தை 0 முதல் 1 வரை காட்டும் அளவு) 0.1 கூடும்போதெல்லாம் முதல் குளிர்காலம் வரை பிழைக்கும் குட்டிகள் ஈற்றுக்கு 1.15 குறைகின்றன என்று 2005இல் சொல்ல முடிந்தது, குட்டிகளையும் பெற்றோரையும் ஒருசேரக் கணக்கு வைத்திருந்ததால்தான். ஸ்காட்லாந்தின் ரம் தீவுச் சிவப்பு மான்களில், வம்சாவளிப் பதிவால் மட்டும் பிடிக்க முடியாத உட்கலப்பு வீழ்ச்சி (உட்கலப்பால் பிழைப்பும் ஈற்றும் குறைவது), மரபணுத்தொகுதி அளவீட்டையும் பல பத்தாண்டு ஈற்றுப் பதிவையும் சேர்த்தபோது வாழ்நாள் முழுவதிலும் புலப்பட்டது. இப்படிப்பட்ட ஆய்வுகள் உலகில் மிகச் சில. அவையும் பெரும்பாலும் பாலூட்டிகளிலும் பறவைகளிலும் குளிர்நாட்டுத் தீவுகளிலும் குவிந்திருக்கின்றன. வெப்பமண்டலக் காட்டு மரம், தவளை, பூச்சி ஆகியவற்றுக்கு இதுபோன்ற ஆய்வுகளைத் தொடங்குவது அடுத்த 1,000 மரபணுத்தொகுதிகளைப் படிப்பதைவிட முக்கியம். ஆனால் மானியங்கள் 3 ஆண்டுக்கும் 5 ஆண்டுக்கும் கிடைக்கின்றன. ஓர் ஓநாய்த் தலைமுறை முடியும் முன்பே திட்டம் முடிந்துவிடுகிறது. இது அறிவியல் சிக்கலைவிட நிதிச் சிக்கல். ஆனாலும் முன்னுரிமைப் பட்டியல் எழுதுபவர்கள் இதைத் தவிர்த்துவிட்டுப் பேசுவது பொருளற்றது.

இதோடு ஒட்டியது, பழம்பொருள் சேமிப்பு. எந்த மரபியல் திட்டமும் இல்லாத காலத்தில் எடுத்து வைத்த எலும்பும் எச்சமும் இல்லாவிடில் ஐல் ராயலின் கதையில் பாதி கிடைத்திருக்காது. அருங்காட்சியகங்களில் கிடக்கும் தோல், கொம்பு, உலர்த்திய இலை ஆகியவற்றிலிருந்து நூறாண்டுக்கு முந்தைய வேறுபாட்டை இன்று நேராக அளக்கலாம். இன்றைய ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, அது குறைந்து வந்ததா, எப்போதுமே இப்படித்தானா என்று ஊகிப்பதைவிட இது பல மடங்கு உறுதியானது, செலவும் குறைவு.

அடுத்தது வேகம். எம்93 வந்ததற்கும் அது வெளியிலிருந்து வந்தது என்று தெரிந்ததற்கும் இடையே பத்தாண்டுக்கும் மேல் ஓடிவிட்டது. அந்த இடைவெளியில் ஓநாய்களின் மூன்று தலைமுறைகள் வந்து போயின. எச்சத்தில் உள்ள சிதைந்த டி.என்.ஏ.விலும் வேலை செய்யக்கூடிய சிறு குறியீட்டுத் தொகுப்புகள் இப்போது உள்ளன. சேகரித்த அதே ஆண்டிலேயே முடிவு தெரியும்படி அவற்றைப் பயன்படுத்துவதுதான் கண்காணிப்பு. தாமதமாகத் தெரியும் முடிவு வரலாறாக மட்டுமே பயன்படும்.

2022 டிசம்பரில் ஏற்கப்பட்ட குன்மிங்-மாண்ட்ரியல் பல்லுயிர் உடன்பாடு காட்டுயிர்களின் மரபணு வேறுபாட்டைப் பேணுவதையும் இலக்காக்கியிருக்கிறது. ஓர் இனத்தின் தொகைகளில் எத்தனை 500க்கு மேற்பட்ட செயலுறு தொகை கொண்டவை என்பதே அதன் தலைமைக் குறியீடு. டி.என்.ஏ. இல்லாத இடத்தில், தலை எண்ணிக்கையின் பத்தில் ஒரு பங்கைச் செயலுறு தொகையாகக் கொள்ள இது இடம் தருகிறது. எச்சரிக்கை மணியாக இந்த அளவுகோல் பயன்படும். ஐல் ராயல் அதன் எல்லையையும் காட்டுகிறது. 50ஐத் தாண்டாத தீவு ஓநாய்களைத் தனித்தொகை என்று எண்ணினால் எந்நாளும் தேறாது; தலைமுறைக்கு ஓரிரு ஓநாய்கள் பனியின் மேல் வந்துபோகும் வரையில் அவை பெரிய ஏரிப் பகுதித் தொகையின் விளிம்பு மட்டுமே. எங்கே கோடு கிழிக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுவதால், கோட்டைத் தீர்மானிக்கும் மரபணு ஓட்டத்தை அளப்பது குறியீட்டைக் கணக்கிடுவதற்கு முந்தைய வேலை. காலநிலை அந்த ஓட்டத்தையே மாற்றிக்கொண்டிருக்கிறது: முன்பு அடிக்கடி உறைந்த ஏரி இப்போது அரிதாகவே தீவு வரை உறைகிறது. ஓநாய்களுக்கு எதிரி வேட்டையோ காடழிப்போ அல்ல; வராத பனி.

2018க்குப் பிறகு

தலையிடலாமா கூடாதா என்று பல ஆண்டுகள் விவாதித்தபின், தீவுக்கு 20 முதல் 30 ஓநாய்களைக் கொண்டுவரலாம் என்று அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை 2018இல் முடிவெடுத்தது. தீவின் ஏறத்தாழ முழுப்பரப்பும் சட்டப்படி வனாந்தரம் என அறிவிக்கப்பட்டது என்பதால், மனிதக் கை படக்கூடாது என்ற வாதம் வலுவாகவே இருந்தது. பனிப்பாலம் அற்றுப்போனதில் மனிதக் கை ஏற்கெனவே பட்டுவிட்டது என்ற எதிர்வாதமும் இருந்தது. 2018-19இல் மினசோட்டா, கனடாவின் ஒன்டாரியோ, மிச்சிகனின் மேல் தீபகற்பம் ஆகிய இடங்களிலிருந்து 19 ஓநாய்கள் கொண்டுவரப்பட்டன. முதலில் வந்தவற்றில் ஒன்று 2019இல் உறைந்த ஏரியைக் கடந்து திரும்பிப் போய்விட்டது. பழைய வம்சத்தின் ஆண் ஓநாய் அதே ஆண்டு புதியவற்றோடு நடந்த மோதலில் இறந்தது. 2024இல் தீவில் 30 ஓநாய்களும், 2019இல் 2,000ஐத் தாண்டியிருந்து பாதிக்கும் கீழே இறங்கிய 840 அளவிலான மூஸ் மான்களும் இருந்தன.

மூன்று மூலங்களிலிருந்து கலந்து எடுத்தது நல்ல முடிவு. ஆனால் ஒன்டாரியோவிலிருந்து வந்தவற்றில் பெரும்பகுதி மிச்சிபிகோட்டன் என்ற இன்னொரு தீவிலிருந்து வந்தவை. 2014இன் அதே கடுங்குளிரில் பனியைக் கடந்து அங்கே போய், அங்கிருந்த கரிபூ மான்களைத் தின்று தீர்த்துப் பட்டினியை எதிர்நோக்கியிருந்த சில ஓநாய்களின் வழித்தோன்றல்கள் அவை; அதாவது நெருங்கிய உறவினர்கள். 19 என்பது தலை எண்ணிக்கை. மூல வம்சங்களைக் கணக்கிட்டால் அது மிகச் சிறியது. ஒரு குடும்பத்தின் குட்டிகள் மற்றவற்றை விஞ்சினால் எம்93இன் கதை வேறு வடிவில் மீண்டும் நடக்கலாம். எனவே இம்முறை ஒவ்வொரு ஈற்றின் பெற்றோரும் அந்த ஆண்டே அறியப்பட வேண்டும். இறந்து கிடைக்கும் ஒவ்வோர் ஓநாயின் முதுகெலும்பும் பார்க்கப்பட வேண்டும். உட்கலப்புக் குணகம் எந்த அளவைத் தொட்டால், அல்லது ஒரே வம்சத்தின் பங்கு எத்தனை விழுக்காட்டைத் தாண்டினால், வெளியிலிருந்து அடுத்த ஓநாயைக் கொண்டுவருவது, அதை எந்தத் தொகையிலிருந்து எடுப்பது என்பது இப்போதே எழுதி வைக்கப்பட வேண்டும்.